லிகோமா: எல்லாம் கப்பலில் வரும் மாவட்டம்

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மலாவி ஏரிக்கு நடுவே லிகோமா என்று தீவே ஒரு மாவட்டமாக இருக்கிறதாமே, அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள், நம்மால் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் போகும் வழியை மட்டும் சொன்னால் பாதிதான் புரியும். அந்த ஊரில் மாவு விலை, மீன் விலை, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் கப்பல் எப்போது வரும் என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாவட்டம் என்றவுடன் நம்மூர் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். லிகோமா, சிசுமுலு என்ற இரண்டு தீவுகள், இரண்டும் சேர்த்தே சுமார் 18 சதுர கிலோமீட்டர்தான். மலாவியின் 28 மாவட்டங்களில் இதுதான் மிகச் சிறியது. 2008 கணக்கெடுப்பில் 10,414 பேர் இருந்தார்கள், 2018-ல் 14,527 பேர். பத்தே ஆண்டில் நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம், நிலம் மட்டும் அதே நிலம். சதுர கிலோமீட்டருக்கு எண்ணூறு பேர் என்பது கிராமத்துக்கு ரொம்ப அதிகம், அதுவும் பாறையும் மணலும் பெருக்க மரமுமாக இருக்கும் தீவில். (பெருக்க மரம் என்றால் பாவோபாப், இலங்கையின் மன்னாரில் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதிதான்.)

இதில் வேடிக்கை, இந்த இரண்டு தீவுகளும் மொசாம்பிக்கின் தண்ணீருக்குள் இருக்கின்றன. லிகோமாவின் கிழக்குக் கரையில் நின்றால் மொசாம்பிக் மலைகள் கண்ணெதிரே தெரியும், சில கிலோமீட்டர்தான். சொந்த நாட்டின் கரையோ மேற்கே ஏரியின் அந்தப் பக்கம், பல மணி நேரக் கப்பல் பயணம். 1954-ல் இரு கரைகளையும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனும் போர்ச்சுகலும் ஏரியில் கோடு போட்டபோது தண்ணீரின் நடுவே எல்லையை இழுத்தார்கள், ஆனால் இந்த இரண்டு தீவுகளையும் அவற்றைச் சுற்றி ஒரு பட்டைத் தண்ணீரையும் மட்டும் பிரிட்டன் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் மிஷன் அங்கே 1880களிலிருந்தே வேரூன்றியிருந்ததுதான் காரணம். மிஷன்காரர்கள் ஏன் தீவைப் பிடித்தார்கள் என்றால், கரையில் அப்போது அடிமை வியாபாரமும் இனக்குழுச் சண்டையும் நடந்துகொண்டிருந்தன, சுற்றிலும் தண்ணீர் இருந்தது பாதுகாப்பாகப் பட்டது. அன்றைக்குப் பாதுகாப்பாக இருந்த அதே தண்ணீர்தான் இன்றைக்குச் செலவாக நிற்கிறது.

அந்த மிஷன் விட்டுப்போனதில் பெரியது புனித பேதுரு பேராலயம். 1903-ல் அடிக்கல், 1911-ல் அர்ப்பணிப்பு. நூறு மீட்டருக்கு மேல் நீளம். சந்தைத் தெருவில் நடந்து வந்து, கருவாட்டு வாசனையோடு ஒரு மூலை திரும்பினால் திடீரென்று இங்கிலாந்தின் பெரிய தேவாலயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல் நிற்கும். சூனியக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை எரித்த இடத்தில்தான் அதைக் கட்டினார்கள் என்பது ஊர் அறிந்த கதை. உள்ளே இருக்கும் சிலுவை, ஜாம்பியாவில் ஆப்பிரிக்காவைச் சுற்றிய மிஷனரி லிவிங்ஸ்டனின் இதயத்தை அடியில் புதைத்த மரத்தின் கட்டையில் செதுக்கியது. கட்டடத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: மிஷன் பள்ளிக்கூடங்களால் தீவில் எழுத்தறிவு சீக்கிரமே வந்துவிட்டது, படித்தவர்கள் வேலை தேடி வெளியேறவும் சீக்கிரமே தொடங்கிவிட்டார்கள். குமாஸ்தா, ஆசிரியர், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளி என்று ஆண்கள் போய்க்கொண்டே இருந்த ஊர் இது. இப்போதும் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் யாரோ அனுப்பும் பணத்தில் இங்கே கூரை ஏறுகிறது.

சரி, பிழைப்புக்கு வருவோம். விற்பதற்கு லிகோமாவிடம் மீனைத் தவிர அநேகமாக எதுவும் இல்லை. அதிலும் இன்றைக்கு மீன் என்றால் உசிபாதான். விரல் நீளத்துக்கு வெள்ளி நிறத்தில் இருக்கும், காய்ந்துவிட்டால் நம் நெத்தலிக் கருவாடு என்றே சொல்லிவிடுவீர்கள். மலாவியில் எல்லோருக்கும் பிடித்த மீன் சாம்போ, ஆனால் அது பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே போய், இப்போது நாட்டின் மீன்பிடிப்பில் பெரும்பகுதியை உசிபாதான் நிரப்புகிறது. கொசுவலையை வலையாக்கிக் குஞ்சுகளையும் சேர்த்து வாரிவிடுகிறார்கள் என்பது பெரிய தலைவலி. தடை இருக்கிறது, தடையைப் பார்த்துக்கொள்ள ஆளும் படகும் டீசலும் எல்லா இடத்திலும் இல்லை.

உசிபா பிடிப்பது இரவில். நிலா இல்லாத இரவாக இருக்க வேண்டும், நிலா வெளிச்சம் இருந்தால் விளக்கு எடுபடாது. சாயங்காலம் படகுகள் கிளம்பிப் போய் ஆழத்தில் விளக்குகளை ஏற்றி நிறுத்துவார்கள். முன்பு மண்ணெண்ணெய் பெட்ரோமாக்ஸ், இப்போது பேட்டரியில் எரியும் எல்இடி. வெளிச்சத்துக்கு மீன் மேலே திரண்டு வந்ததும் சிலிமிரா என்ற பை போன்ற வலையை அடியில் விட்டு, படகுகளிலிருந்து சேர்த்து இழுப்பார்கள். கரையில் நின்று பார்த்தால் ஏரிக்கு நடுவே ஒரு சின்ன நகரம் முளைத்ததுபோல இருக்கும். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் படகுகள் கரையில் கிடக்கும், வலையைப் பழுது பார்ப்பார்கள், கடையில் கடன் எழுதுவார்கள். மாதச் சம்பளக்காரனுக்கு மாதக் கடைசி எப்படியோ இவர்களுக்குப் பௌர்ணமி அப்படி.

விடிந்ததும் வேலை பெண்கள் கைக்கு மாறுகிறது. கரை நெடுக இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, மேலே நாணலோ வலையோ விரித்த பரண்கள். வாளி வாளியாக மீனை வாங்கி அதில் பரப்பி, வெயில் ஏற ஏறக் கையால் புரட்டிவிட வேண்டும். நல்ல வெயில் அடித்தால் ஒன்றிரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும், சாக்கில் கட்டலாம். மழைக்காலத்தில்தான் கண்ணீர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலையில் மீன் வந்து மதியம் மேகம் கட்டினால் அத்தனையும் நாறிவிடும். அப்போது புகை போடுவார்கள், அல்லது எண்ணெயில் பொரிப்பார்கள், இரண்டுக்கும் விறகு வேண்டும், தீவில் விறகு கிடையாது. அது மொசாம்பிக்கிலிருந்து படகில் காசு கொடுத்து வர வேண்டும். மீன் நிறைய விழுந்த நாளில்கூடச் சிலர் நஷ்டத்தோடு வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

காய்ந்த சாக்கு அப்புறம் கப்பலுக்குக் காத்திருக்கிறது. எதிர்க்கரைத் துறைமுகமான ந்காட்டா பே போய்ச் சேர்ந்தால்தான் விலை, அங்கிருந்து முசூசு, தலைநகர் லிலோங்வே என்று லாரியில் ஏறும். கப்பல் ஒரு வாரம் வரவில்லை என்றால் தீவில் சரக்கு தேங்கி, இருக்கும் ஒன்றிரண்டு மொத்த வியாபாரிகள் சொல்வதுதான் விலை. அதே வாரத்தில் மக்காச்சோள மாவும் சர்க்கரையும் சோப்பும் கடையில் தீர்ந்துகொண்டிருக்கும், அவற்றின் விலை ஏறும். விற்கும்போதும் தண்ணீருக்குக் கூலி, வாங்கும்போதும் தண்ணீருக்குக் கூலி. லிகோமா பொருளாதாரம் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்வேன், ஏழ்மை, வளர்ச்சி என்று மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

சாப்பாட்டையே பாருங்கள். அவர்களுக்குச் சாப்பாடு என்றால் ந்சிமா, கெட்டியான வெள்ளைக் களி. நாட்டின் பெரும்பகுதியில் அது மக்காச்சோள மாவில், ஏரிக்கரையில் மரவள்ளி மாவிலும் கிண்டுவார்கள், அது பசை போல இழுபடும், பழகாதவர்களுக்குத் தொண்டையில் இறங்க இரண்டு மூன்று நாளாகும். தீவின் மணலில் மரவள்ளி வரும், மாமரம் நிறைய, கீரை கொஞ்சம். மீதி மாவு கரையிலிருந்து. சிலர் எதிரே மொசாம்பிக் கரையில் நிலம் எடுத்து அங்கே பயிர் செய்து அறுவடையைப் படகில் ஏற்றி வருகிறார்கள். நாடு விட்டு நாடு போய் வயல் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவது அங்கே பெரிய செய்தியே இல்லை. எதிர்க்கரையில் கோபுவே என்ற ஊர், அங்கிருந்து மக்கள் லிகோமாவின் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள், மலாவியின் பணமான குவாச்சா அந்தக் கரையிலும் செல்லும். 1977-லிருந்து 1992 வரை மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இந்தப் பக்கம் ஓடி வந்தவர்களில் சொந்தக்காரர்களும் உண்டு. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இல்லை.

குவாச்சாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் மதிப்பை 2022 மே மாதம் 25 சதவீதம் குறைத்தார்கள், 2023 நவம்பரில் ஒரே அடியாக 44 சதவீதம். இறக்குமதியான பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு மோட்டார், இறக்குமதியான வலை நூல், இறக்குமதியான பேட்டரி, இவற்றை வைத்துத் தொழில் செய்யும் மீனவனுக்கு அது என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் முதலில் வற்றுவதும் கடைசியில் நிரம்புவதும் தீவுதான். கரண்ட் விஷயத்தில் மட்டும் நிலைமை மேல். நீண்ட காலம் டீசல் ஜெனரேட்டர் மட்டும், அதுவும் ராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் அணைத்துவிடுவார்கள். அண்மை ஆண்டுகளில் சூரிய மின்சாரத்தையும் டீசலையும் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

அரசாங்கம் இந்தத் தீவை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். நாட்டு மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று மலாவி ஒரு பெரிய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தும், வறுமைக் கோடே அதை வைத்துத்தான். 2010-11 சுற்றில் எல்லா மாவட்டங்களையும் எடுத்துக்கொண்டு லிகோமாவை மட்டும் விட்டுவிட்டார்கள். அதே தீவை ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்தார்கள், ஒதுங்கி இருக்கிறது என்பதற்காகவே. 2005-06-ல் இங்கே நடந்த எச்ஐவி ஆய்வு ஒன்று அந்தத் துறையில் பெயர் பெற்றது. இளம் வயதினரிடம் யாருக்கு யாரோடு உறவு என்று கேட்டு, பெயர்களைப் பொருத்தி ஊரின் உறவுப் பின்னலையே வரைந்தார்கள். பாலியல் உறவில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நேராகவோ சுற்றியோ ஒரே பெரிய பின்னலில் இணைந்திருந்தார்கள். நோய் ஒரு சில பேரால்தான் பரவுகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் அது பலரை யோசிக்க வைத்தது. தன் நாட்டுக் கணக்கில் விடுபட்ட தீவு உலகப் பாடப்புத்தகத்தில் இடம் பிடித்தது கொஞ்சம் கசப்பான நகைச்சுவைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு சோகமான ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். மாலையில் மாமரத்தடியில் பாவோ ஆடுவார்கள், நம் பல்லாங்குழிக்குச் சொந்தக்காரன், ஆனால் இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு வரிசை, ஆட்டம் வேகம். மலிபெங்கா என்று ஒரு நடனம், காலனிக் காலப் பட்டாளத்து பேண்டு வாத்தியத்தைப் பார்த்துச் சுரைக்குடுவையில் ஊதுகுழல் செய்து, ஆண்கள் மடிப்புக் கலையாத உடையில் அணிவகுத்து ஆடுவது. கிராமத்துக்குக் கிராமம் போட்டி. பட்டாளத்தைக் கிண்டல் செய்கிறார்களா, பெருமைப்படுத்துகிறார்களா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான் போல.

இனி பயணம். முதலில் லிலோங்வேக்கு வர வேண்டும், இந்தியாவிலிருந்து அடிஸ் அபாபா வழி வருவது எளிது. எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ இறங்கித் தங்கிவிட்டு வருவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்பார்கள். விசா விதிகளை அவர்கள் அடிக்கடி மாற்றுகிறார்கள், டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். லிலோங்வேயிலிருந்து வடக்கே முசூசுவுக்கு பஸ், கிட்டத்தட்ட 360 கிலோமீட்டர், அங்கிருந்து மலையிறங்கி ந்காட்டா பே சுமார் 50 கிலோமீட்டர், ஷேர் டாக்சியோ மினிபஸ்ஸோ கிடைக்கும்.

ந்காட்டா பேயிலிருந்து தீவுக்குப் போகும் கப்பல்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இலாலா. 1949-ல் கிளாஸ்கோவில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டு வந்து ஏரிக்கரையில் பொருத்தி 1951-ல் மிதக்கவிட்டது. தெற்கே மங்கி பேயிலிருந்து வடக்கே சிலும்பா வரை வாரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவது அதன் வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறேன், வயதான கப்பல், பழுதாகி மாதக்கணக்கில் நின்றிருக்கிறது, அப்போதெல்லாம் சின்னக் கப்பல் ஒன்று பதிலுக்கு ஓடும். கீழ்த்தளம் மலிவு, மனிதர், மூட்டை, கோழி, மெத்தை, சைக்கிள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மேல்தளத்தில் காற்று உண்டு, பாயை விரித்துப் படுக்கலாம். கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் மேல்தளத்துச் சீட்டையே வாங்குங்கள், இதில் வீரம் வேண்டாம்.

நீண்ட காலம் லிகோமாவில் இந்த அளவுக் கப்பல் அணைகிற துறை இல்லாமல் இருந்தது, கப்பல் தள்ளி நங்கூரம் போடும், பக்கவாட்டு ஏணியில் இறங்கி ஆடுகிற படகுக்கு மாறுவார்கள். அநேகமாக இருட்டில். மேலிருந்து ஒருவர் குழந்தையைக் கொடுப்பார், கீழே முன்பின் தெரியாத ஒருவர் வாங்குவார். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே ஏணிக்கு அடித்துக்கொள்வார்கள், நடுவில் உசிபா சாக்கு தலைக்கு மேல் போகும், கடைசிக் கொஞ்சத் தூரம் முழங்கால் தண்ணீரில் நடை. பாஸ்போர்ட்டையும் போனையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மேல் சட்டையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

மரப்படகுகளும் ஓடுகின்றன, மலிவு, கப்பல் இல்லாத நாளிலும் கிடைக்கும். நான் சொல்வேன், காற்றுக் காலத்தில் ஏறாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ம்வேரா என்ற தென்கிழக்குக் காற்று அடிக்கும், ஏரிதானே என்று நினைத்தால் கடல் அலை எழும். நீளம் 550 கிலோமீட்டருக்கு மேல், ஆழம் 700 மீட்டர் வரை போகும் ஏரி இது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்த செய்தி அந்த ஏரியில் புதிதல்ல. லிகோமாவிலிருந்து சிசுமுலு போவதும் கிட்டத்தட்டப் பத்து கிலோமீட்டர்தான் என்று அசட்டையாக இருக்க வேண்டாம், உயிர்காக்கும் உடை கொடுக்காத படகில் ஏறாமல் இருந்தால் நஷ்டம் ஒரு நாள், அவ்வளவுதான். வசதி இருப்பவர்களுக்கு லிலோங்வேயிலிருந்து சின்ன விமானம் உண்டு, தீவில் ஓடுதளம் இருக்கிறது, பெரும்பாலும் விலை கூடிய விடுதிகளில் தங்குபவர்களுக்கானது.

போக நல்ல காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வெயில் கடுமை, தண்ணீர் கண்ணாடி. முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு பாறை ஓரமாகத் தலையை முக்கினால் நீலமும் மஞ்சளுமாகச் சிக்லிட் மீன்கள். சென்னை கொளத்தூரில் வளர்ப்பு மீன் வாங்கியவர்கள் 'மலாவி சிக்லிட்' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள், அவற்றின் பூர்வீகம் இந்த ஏரி. நூற்றுக்கணக்கான வகைகள் இங்கேயல்லாமல் உலகில் வேறெங்கும் கிடையாது, லிகோமா, சிசுமுலு பெயரிலேயே சில ரகங்கள் வியாபாரமாகின்றன. குளித்துவிட்டு வந்த பிறகு ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், ஏரியில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு. சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்து பிராசிகுவான்டல் மாத்திரை வாங்கிக்கொள்வது அங்கே போகிறவர்கள் சாதாரணமாகச் செய்வது. மலேரியாவுக்கு முன்கூட்டியே மாத்திரை, கொசுவலை. பெரிய சிகிச்சை என்றால் முசூசு போக வேண்டும், அதற்கும் அதே தண்ணீர்.

பணத்தை முசூசுவிலேயே குவாச்சாவாக எடுத்துக்கொண்டு போங்கள், தீவில் ஏடிஎம் மிஷினை நம்பாதீர்கள், கைபேசிப் பணப் பரிமாற்றம் உள்ளூர் சிம் இருந்தால் உதவும். கடையில் விலை கரையைவிடக் கூடத்தான் இருக்கும், அதற்குப் பேரம் பேசிச் சண்டை போடாதீர்கள், ஏன் கூடுதல் என்று மேலே சொல்லிவிட்டேன். தங்க மலிவான குடில்களும் உண்டு, மிக விலை உயர்ந்த விடுதியும் உண்டு, நடுத்தரம்தான் குறைவு. திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது ஐந்து நாளாவது காலியாக வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள், கப்பல் வராவிட்டால் மரப்படகில் அவசரப்பட்டு ஏறும் நிலைமை வரக்கூடாது.